தந்தையின் பெயரும் தனயனின் ஆட்டமும்

நுழையும்முன்

கலையும் தொழிலும் குடும்பவழியாகத் தொடர்வதை நாம் அறிவோம். நாகசுரக் கலைஞரின் இல்லத்தில் பிறந்த குழந்தை, பேசக் கற்கும் முன்பே சுருதியைக் கேட்டு வளர்கிறது. தச்சர் வீட்டுக் குழந்தைக்கு உளியும் இழைப்புளியும் விளையாட்டுப் பொருள்களாகின்றன. விளையாட்டுத் துறையிலும் இத்தகைய மரபு உண்டா? பெற்றோரின் திறமை பிள்ளைக்குத் தானாக வந்து சேருமா? சென்னையைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறை வரலாற்றையும், அக்குடும்பத்தில் பிறந்து உலக அரங்கில் ஆடிய ஓர் இளைஞரின் பயணத்தையும் முன்வைத்து இவ்வினாக்களை ஆராய்கிறது இப்பாடம்.

குருதியா, உழைப்பா?

‘புலிக்குப் பிறந்தது பூனையாகுமா?’ என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. புகழ்பெற்ற ஒருவரின் பிள்ளை அதே துறையில் வென்றால் இப்பழமொழியைக் கூறிப் பாராட்டுகிறோம். தோற்றால் அதே பழமொழியைக் கொண்டே குறை கூறுகிறோம். வெற்றி, குருதியின் சிறப்பாகிவிடுகிறது. தோல்வி, அப்பிள்ளையின் தனிக்குறையாகிவிடுகிறது. இரண்டிலும் அவருடைய உழைப்பு கணக்கில் வருவதில்லை.

டென்னிஸ் எனப்படும் வரிப்பந்தாட்டம், இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்ற களம். ஒற்றையர் ஆட்டத்தில் வலையின் ஒவ்வொரு பக்கமும் நிற்பவர் ஒருவரே. பந்தைக் கடத்திக் கொடுக்கத் தோழர் இல்லை. ஆட்டத்தின் நடுவே பயிற்சியாளர் குறுக்கிட்டு அறிவுரை கூறுவதற்கும் பெருந்தொடர்களின் விதிகள் நெடுங்காலம் இடந்தரவில்லை. ஒவ்வோர் ஆட்டமும் சுழியத்திலிருந்தே தொடங்குகிறது. ஆடுபவரின் தந்தை யார் என்று புள்ளிப்பலகை கேட்பதில்லை.

1979ஆம் ஆண்டு, சென்னையைச் சேர்ந்த 18 வயது இளைஞர் ஒருவர் விம்பிள்டன் இளையோர் ஒற்றையர் பட்டத்தை வென்றார். அவர் பெயர் ரமேஷ் கிருஷ்ணன். சரியாக 25 ஆண்டுகளுக்கு முன்பு, 1954ஆம் ஆண்டு, அதே பட்டத்தை வென்றவர் அவருடைய தந்தை இராமநாதன் கிருஷ்ணன். அன்று உலகச் செய்தித்தாள்களில் மகனின் பெயரோடு தந்தையின் பெயரும் இடம்பெற்றது. அது பெருமை, அதே வேளையில், வாழ்நாள் முழுவதும் தொடரப்போகும் ஓர் ஒப்பீட்டின் தொடக்கமும் ஆகும்.

தாத்தா இட்ட அடித்தளம்

இக்குடும்பத்தின் டென்னிஸ் வரலாறு ரமேஷின் தாத்தா டி. கே. இராமநாதனிடமிருந்து தொடங்குகிறது. அவரும் டென்னிஸ் வீரரே. தம் மகன் கிருஷ்ணனின் கையில் மட்டையைக் கொடுத்து, ஆட்டத்தின் அடிப்படைகளை வகுத்துத் தந்த முதல் ஆசிரியரும் அவரே.

1937ஆம் ஆண்டு நாகர்கோவிலில் பிறந்த இராமநாதன் கிருஷ்ணன், சென்னை இலயோலா கல்லூரியில் பயின்றவர். 1953ஆம் ஆண்டு விம்பிள்டன் இளையோர் இறுதி ஆட்டத்தில் தோற்ற அவர், மறுஆண்டே ஆஸ்திரேலியாவின் ஆஷ்லி கூப்பரை இறுதியில் வீழ்த்திப் பட்டம் வென்றார். கிராண்ட்சிலாம் எனப்படும் நான்கு பெருந்தொடர்களில் ஒன்றின் இளையோர் பட்டத்தை வென்ற முதல் ஆசியர் என்னும் சிறப்பு அதனால் அவருக்குக் கிடைத்தது. அன்று தோற்ற கூப்பர், 1958இல் விம்பிள்டன் ஆடவர் பட்டத்தையே வென்றார் என்பதிலிருந்து அவ்வெற்றியின் மதிப்பை உணரலாம்.

ஆடவர் பிரிவில் கிருஷ்ணன் 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதியை எட்டினார். முதல் முறை நீல் ஃபிரேசரிடமும் அடுத்த முறை ராட் லேவரிடமும் தோற்றார். அவரை வென்ற இருவருமே அந்தந்த ஆண்டின் வாகையர் ஆனார்கள். 1966ஆம் ஆண்டு டேவிஸ் கோப்பைப் போட்டியில் இந்தியா முதன்முறையாக இறுதிச்சுற்றை அடைவதற்கும் அவரே முதன்மைக் காரணர். கொல்கத்தாவில் பிரேசில் அணிக்கு எதிராக நடந்த ஆட்டத்தில் இரு அணிகளும் 2-2 எனச் சமநிலையில் இருந்தன. முடிவைத் தீர்மானிக்கும் ஐந்தாவது ஆட்டத்தில் தாமஸ் கோச்சிடம் இரண்டு செட்டுகளை இழந்து, நான்காவது செட்டிலும் 2-5 எனப் பின்தங்கியிருந்த கிருஷ்ணன், அந்நிலையிலிருந்து மீண்டு வென்றார். மெல்போர்னில் நடைபெற்ற இறுதிச்சுற்றில் ஆஸ்திரேலியா 4-1 என வெற்றி பெற்றது. இந்தியா பெற்ற அந்த ஒரே வெற்றி, கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் இணைந்து ஆடிய இரட்டையர் ஆட்டத்தில் கிடைத்தது. அப்போது ரமேஷுக்கு வயது ஐந்து.

தந்தையின் காலத்தில் பெருந்தொடர்கள் பொருளுக்காக ஆடாதவர்களுக்கு மட்டுமே உரியனவாக இருந்தன. பரிசுப்பணம் பெற்று ஆடும் தொழில்முறை வீரர்களுக்கு விம்பிள்டன் போன்ற தொடர்களின் கதவுகள் அடைக்கப்பட்டிருந்தன. தொழில்முறைச் சுற்றுப்பயண ஆட்டங்களை நடத்திவந்த ஜாக் கிரேமர் விடுத்த அழைப்பைக் கிருஷ்ணன் ஏற்கவில்லை. ஏற்றிருந்தால் பொருள் சேர்ந்திருக்கும்; ஆனால், விம்பிள்டனிலும் டேவிஸ் கோப்பையிலும் ஆடும் வாய்ப்பு பறிபோயிருக்கும். 1968ஆம் ஆண்டில்தான் பெருந்தொடர்கள் இருசாராருக்கும் பொதுவாயின. எனவே, தந்தை ஆடிய டென்னிஸும் மகன் ஆடிய டென்னிஸும் பெயரளவில் ஒன்றே. வாழ்க்கை முறையில் வேறு.

வீட்டிலிருந்தே தொடங்கிய பயிற்சி

1961ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் சென்னையில் பிறந்த ரமேஷ், தாத்தாவின் கண்காணிப்பிலும் தந்தையின் வழிகாட்டுதலிலும் வளர்ந்தார். விளையாட்டுக் குடும்பம் ஒரு குழந்தைக்கு அளிக்கும் முதற்கொடை இதுதான். பிற குழந்தைகள் பயிற்சியாளரைத் தேடி அலையும் வயதில், இக்குழந்தைக்குப் பயிற்சியாளர் உணவு மேசையின் எதிரிலேயே அமர்ந்திருக்கிறார். மட்டையைப் பிடிக்கும் முறை தவறானால் அன்றே திருத்தப்படுகிறது. எந்த வயதில் எவ்வளவு பயிற்சி தேவை, எப்போது வெளிநாட்டுத் தொடருக்கு அனுப்ப வேண்டும், தோல்விக்குப் பின் எப்படித் தேற வேண்டும் என்பனவற்றை அறிந்தோர் வீட்டிலேயே இருக்கின்றனர்.

இரண்டாவது கொடை, அச்சமின்மை. விம்பிள்டன் என்னும் சொல் நம்மில் பலருக்குத் தொலைதூரத்துக் கனவு. ரமேஷுக்கோ அது தந்தை ஆடிவிட்டு வந்த இடம். உலக வாகையர் என்பவர் தம் தந்தை எதிர்த்து ஆடிய, சிலவேளைகளில் வென்ற, மனிதர். பெரியோரைக் கண்டு வியப்பதும் இகழ்வதும் இன்றி, அவர்தம் ஆட்டத்தை மட்டும் நோக்கும் இயல்பு இத்தகைய சூழலில் வளரும் பிள்ளைக்கு எளிதில் வாய்க்கிறது.

ஆனால், கொடையோடு சுமையும் வருகிறது. அறிமுகமற்ற இளைஞர் ஒருவர் காலிறுதியை எட்டினால் உலகம் வியக்கும். கிருஷ்ணனின் மகன் காலிறுதியை எட்டினால், ‘தந்தை அரையிறுதி வரை சென்றாரே’ என்னும் சொல் எழும். இவ்விரண்டையும் சுமந்துகொண்டே ரமேஷ் 1979ஆம் ஆண்டு களமிறங்கினார். அவ்வாண்டில் பிரெஞ்சு ஓப்பன் இளையோர் பட்டத்தையும் விம்பிள்டன் இளையோர் பட்டத்தையும் ஒருசேர வென்றார். பாரிசின் செம்மண் தளத்தில் பந்து வேகம் குறைந்து உயர எழும். இலண்டனின் புல்தரையில் பந்து வழுக்கிக்கொண்டு தாழ்வாக விரையும். சில வார இடைவெளியில் இயல்பால் மாறுபட்ட இருவகைத் தளங்களிலும் வெல்வதற்கு, ஆட்டத்தை இடத்திற்கேற்ப மாற்றிக்கொள்ளும் அறிவு வேண்டும். அவ்வறிவு அந்த இளைஞரிடம் இருந்தது.

தொழில்முறை உலகம்

இளையோர் பட்டம் என்பது வாயில். அதுவே மாளிகை ஆகாது. இளையோர் பிரிவில் வென்ற பலர் ஆடவர் பிரிவில் பெயர் தெரியாமல் மறைந்துள்ளனர். 1973ஆம் ஆண்டு முதல், ஆடவர் டென்னிஸில் கணினி வழித் தரவரிசை நடைமுறைக்கு வந்தது. தொடர்களில் பெறும் வெற்றிகளைக் கொண்டு ஒவ்வொரு வீரரின் இடமும் கணக்கிடப்படுகிறது. தரவரிசையில் முன்னிற்போர் பெருந்தொடர்களில் நேரடியாக ஆடலாம். பின்தங்கியோர் தகுதிச்சுற்றுகளில் வென்று உள்ளே வர வேண்டும். சென்ற ஆண்டின் வெற்றியை இவ்வாண்டும் நிலைநாட்டாவிட்டால் இடம் இறங்கிவிடும். ஆகவே, ஒரு தொழில்முறை வீரர் ஆண்டின் பெரும்பகுதியை நாடுவிட்டு நாடு சென்றே கழிக்கிறார். முதல் சுற்றிலேயே தோற்றால் அந்த வாரத்தின் பயணம், விடுதி, பயிற்சி அனைத்தும் பயனின்றிப் போகும். அடுத்த வாரம் வேறொரு நகரில் மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்க வேண்டும்.

இவ்வுலகில் ரமேஷ் விரைவாகவே தமக்கென ஓர் இடத்தைப் பெற்றார். 1981ஆம் ஆண்டு பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலாவில் தம் முதல் தொழில்முறை ஒற்றையர் பட்டத்தை வென்றார். அதே ஆண்டு, தம் 20ஆம் வயதில், நியூயார்க்கில் நடைபெறும் அமெரிக்க ஓப்பன் தொடரில் காலிறுதியை எட்டினார். அங்கே அவரை எதிர்கொண்டவர் ஜான் மெக்கன்ரோ. அவ்வாட்டத்தில் முதல் செட்டை ரமேஷ் கைப்பற்றினார். பின்னர் மெக்கன்ரோ சுதாரித்துக்கொண்டு வென்றார். அத்தொடரின் வாகையரும் அவரே ஆனார்.

1985ஆம் ஆண்டு ஜனவரியில் ரமேஷ் உலகத் தரவரிசையில் 23ஆம் இடத்தை அடைந்தார். அதுவே அவர் தொட்ட உச்சநிலை. 1986இல் விம்பிள்டன் காலிறுதி, 1987இல் மீண்டும் அமெரிக்க ஓப்பன் காலிறுதி என அவர் பயணம் தொடர்ந்தது. 1990ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடி நகரில் வென்றது அவருடைய எட்டாவது ஒற்றையர் பட்டம்.

தெரிந்து தெளிவோம்

டென்னிஸ் களத்தின் நீளம் 78 அடி. ஒற்றையர் ஆட்டத்திற்கான அகலம் 27 அடி. வலையின் நடுப்பகுதி உயரம் 3 அடி. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கப்படும் பந்து மறுமுனையை அடைய ஏறத்தாழ அரை நொடியே ஆகும். அதற்குள் பந்தின் திசையை அறிந்து, நகர்ந்து, மட்டையை வீசி முடிக்க வேண்டும்.

மென்மையே வலிமை

ரமேஷின் ஆட்டத்தைப் புரிந்துகொள்ள, டென்னிஸின் இருவேறு போக்குகளை அறிய வேண்டும். ஒன்று, வலிமையை நம்புவது. சர்வீஸ் எனப்படும் தொடக்க அடியை மிகுவேகத்தில் அடித்து, எதிரி பந்தைத் தொடுமுன்பே புள்ளியை வென்றுவிடுவது இதன் இயல்பு. மற்றொன்று, தொடுகையை நம்புவது. மணிக்கட்டின் மெல்லிய அசைவால் பந்தின் வேகத்தையும் திசையையும் மாற்றி, எதிரி நிற்காத இடத்தில் பந்தை வைப்பது இதன் இயல்பு. கிருஷ்ணன் குடும்பத்தின் ஆட்டம் இரண்டாம் வகையைச் சார்ந்தது.

தந்தையைப் போலவே ரமேஷின் சர்வீஸும் வேகம் குறைந்தது. இது பெருங்குறை. வேகமான சர்வீஸ் உடையவருக்கு ஒவ்வொரு செட்டிலும் சில புள்ளிகள் உழைப்பின்றியே கிடைத்துவிடும். ரமேஷோ ஒவ்வொரு புள்ளியையும் கல்மேல் கல்லாக அடுக்கிக் கட்ட வேண்டியிருந்தது. அக்குறையை அவர் எதனால் ஈடுசெய்தார்?

அவருடைய விடை, காலத்தைக் கையாள்வது. பெரும்பாலான வீரர்கள், பந்து தரையில் பட்டு எழுந்து இறங்கத் தொடங்கும்வரை காத்திருந்து அடிப்பர். ரமேஷ், பந்து தரையிலிருந்து எழும் கணத்திலேயே அதை எதிர்கொண்டார். இதனால் இரு பயன்கள் விளைந்தன. முதலாவது, பந்து எதிர்பார்த்ததைவிட விரைவில் திரும்பி வருவதால் எதிரிக்குத் தம் இடத்திற்கு மீளும் நேரம் குறைந்தது. இரண்டாவது, எதிரி கொடுத்த வேகமே அவருக்குத் துணையாயிற்று. பந்தை ஓங்கி அடிக்க வேண்டியதில்லை; மட்டையின் முகத்தைச் சரியான கோணத்தில் திருப்பினால் போதும். பிறர் வலிமையைத் தம் வலிமையாக்கிக்கொள்ளும் கலை இது. இதற்குப் பெருந்தோள்கள் வேண்டியதில்லை. கூரிய கண்ணும் உறுதியான மணிக்கட்டும் எதிரியின் எண்ணத்தை முன்னறியும் அறிவும் வேண்டும்.

ஆனால், அவர் களமிறங்கிய காலம் இக்கலைக்கு உகந்ததாக இல்லை. மரத்தாலான மட்டைகள் மறைந்து, கிராஃபைட் முதலிய புதிய பொருள்களாலான மட்டைகள் பரவிய காலம் அது. மரமட்டையின் தலைப்பரப்பு ஏறத்தாழ 65 சதுர அங்குலம். புதிய மட்டைகளின் பரப்பு 85 முதல் 110 சதுர அங்குலம் வரை விரிந்தது. எடை குறைந்தது, விறைப்பு கூடியது. மரமட்டையின் நடுப்பகுதியில் பந்து படாவிட்டால் அடி பிழைத்துவிடும். ஆகவே, வேகத்தைவிடத் துல்லியமே அங்கு முதன்மை பெற்றது. புதிய மட்டையில் சற்று விலகிப் பட்டாலும் பந்து விரைந்து சென்றது. வேகமாக வீசுவதிலிருந்த ஆபத்து குறைந்ததால், வேகமே விதியாயிற்று. 1986 விம்பிள்டன் காலிறுதியில் ரமேஷை வென்ற யுகோஸ்லாவியாவின் சுலோபோதான் சிவோயினோவிச், இடியென இறங்கும் சர்வீஸுக்குப் பெயர்பெற்றவர். 1987 அமெரிக்க ஓப்பன் காலிறுதியில் வென்ற ஸ்வீடனின் ஸ்டீஃபன் எட்பர்க், சர்வீஸ் அடித்த கையோடு வலையை நோக்கிப் பாய்ந்து தாக்குபவர்.

தந்தையிடமிருந்து மகன் பெற்றது ஓர் அழகிய கலை. ஆயினும், அக்கலை பிறந்த உலகம் மகனின் காலத்தில் மாறிவிட்டது. மரபைப் பெறும் எவருக்கும் நேரும் சிக்கல் இது. பெற்றதை விட்டுவிட்டுப் புதியதைப் பற்றுவதா, பெற்றதைக் கூர்மையாக்கிப் புதிய உலகை எதிர்கொள்வதா என்னும் வினாவுக்கு ரமேஷ் இரண்டாவதையே தேர்ந்தார். அத்தேர்வு எங்கே வென்றது, எங்கே தோற்றது என்பதை அடுத்தடுத்து நிகழ்ந்த இரு நிகழ்ச்சிகள் காட்டுகின்றன.

நாட்டிற்காக ஆடிய நாள்கள்

டேவிஸ் கோப்பை, நாடுகளுக்கிடையிலான ஆடவர் டென்னிஸ் போட்டி. அக்காலத்தில் ஒவ்வொரு சந்திப்பும் மூன்று நாள்கள் நடைபெறும். முதல் நாள் இரண்டு ஒற்றையர் ஆட்டங்கள், இரண்டாம் நாள் ஓர் இரட்டையர் ஆட்டம், மூன்றாம் நாள் மீண்டும் இரண்டு ஒற்றையர் ஆட்டங்கள் என மொத்தம் ஐந்து ஆட்டங்கள். மூன்றில் வெல்லும் நாடு அடுத்த சுற்றுக்குச் செல்லும். தன் மண்ணில் போட்டியை நடத்தும் நாடு, ஆடுதளத்தையும் தானே தேர்ந்துகொள்ளலாம். இவ்விதி எளியதாகத் தோன்றினாலும் வெற்றி தோல்வியைப் பலமுறை தீர்மானித்திருக்கிறது.

1987ஆம் ஆண்டு இந்திய அணியின் தூண்களாக இருந்தோர் இருவர். ஒருவர் 26 வயது ரமேஷ். மற்றவர் 33 வயது விஜய் அமிர்தராஜ். இருவரும் சென்னையைச் சேர்ந்தவர்கள். டெல்லியில் அர்ஜென்டினாவை 3-2 என வென்ற இந்தியா, அடுத்து இஸ்ரேலையும் வென்று அரையிறுதியை அடைந்தது. அங்கே எதிர்நின்றது ஆஸ்திரேலியா, இடம் சிட்னி, தளம் புல்தரை.

முதல் நாள் ரமேஷ், ஜான் ஃபிட்ஸ்ஜெரால்டை வென்றார். பின்னர் இரு அணிகளும் 2-2 எனச் சமநிலை அடைந்தன. இறுதி ஆட்டத்தில் ரமேஷ், வாலி மாசூரை எதிர்கொண்டார். 21 ஆண்டுகளுக்கு முன்பு கொல்கத்தாவில் தந்தை நின்ற அதே நிலையில் மகன் நின்றார். நாட்டின் வெற்றி தோல்வி ஒருவரின் மட்டையில் தொங்கியது. தந்தை அன்று தோல்வியின் விளிம்பிலிருந்து மீண்டார். மகன் மூன்று செட்டுகளையும் தொடர்ந்து கைப்பற்றி வென்றார். புல்தரையில் தாழ்வாக எழும் பந்தை உடனுக்குடன் எதிர்கொள்ளும் அவருடைய கலை, ஆஸ்திரேலியர்களின் சொந்த மண்ணிலேயே அவர்களை வீழ்த்தியது.

இறுதிச்சுற்று அவ்வாண்டு டிசம்பரில் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் நடைபெற்றது. இந்தியர்கள் புல்தரையில் வல்லவர்கள் என்பதை அறிந்த ஸ்வீடன், உள்ளரங்கில் களிமண் தளத்தை அமைத்தது. அத்தளத்தில் பந்து வேகம் இழந்து உயர எழும். நெடுநேரம் பந்தைத் திருப்பி அடித்துக்கொண்டே இருக்கும் பொறுமையே அங்கு வெல்லும். ரமேஷின் துல்லியமான அடிகளுக்கும் எதிரி ஓடிவந்து சேர நேரம் கிடைத்தது. களிமண் தளத்தில் கைதேர்ந்த மாட்ஸ் வில்லாண்டர் அவரை எளிதாக வென்றார். இந்தியா 0-5 எனத் தோற்றது.

டேவிஸ் கோப்பையின் இறுதிச்சுற்றுக்கு இந்தியா மூன்று முறை தகுதி பெற்றுள்ளது. 1974ஆம் ஆண்டு, நிறவெறிக் கொள்கையைப் பின்பற்றிய தென்னாப்பிரிக்காவுடன் ஆட மறுத்து இந்தியா கோப்பையை விட்டுக்கொடுத்தது. களத்தில் ஆடிய இறுதிச்சுற்றுகள் 1966, 1987 ஆகிய இரண்டே. ஒன்றில் தந்தையும் மற்றொன்றில் மகனும் நாட்டிற்காக நின்றனர்.

தோற்ற இடத்திலிருந்து எழுதல்

கோத்தன்பர்க் தோல்விக்குப் பின் வில்லாண்டரின் புகழ் உச்சத்தை எட்டியது. 1988ஆம் ஆண்டின் நான்கு பெருந்தொடர்களில் ஆஸ்திரேலிய ஓப்பன், பிரெஞ்சு ஓப்பன், அமெரிக்க ஓப்பன் ஆகிய மூன்றையும் அவரே வென்றார். உலகத் தரவரிசையில் முதலிடத்தையும் பிடித்தார். 1989ஆம் ஆண்டு ஜனவரியில், தம் பட்டத்தைத் தக்கவைத்துக்கொள்ள மெல்போர்ன் வந்தார். இரண்டாவது சுற்றில் அவரை எதிர்கொண்டவர் ரமேஷ் கிருஷ்ணன்.

கோத்தன்பர்க் ஆட்டத்தை நினைவில் வைத்திருந்த எவரும் முடிவை முன்கூட்டியே எழுதியிருப்பர். இம்முறை தளம் களிமண் அன்று, கடினத்தளம். பந்து சீராகவும் விரைவாகவும் எழுந்தது. பந்தை எழும் கணத்திலேயே எதிர்கொண்டு, களத்தின் இரு மூலைகளுக்கும் வில்லாண்டரை ஓடச்செய்தார் ரமேஷ். நேரத்தை நம்பி ஆடும் வீரரிடமிருந்து நேரத்தையே பறித்துக்கொண்டார். 6-3, 6-2, 7-6 என நேர்செட்டுகளில் உலகின் முதல்நிலை வீரர் தோற்றார். 13 மாதங்களுக்கு முன் தம்மை வென்றவரை, அவர் புகழின் உச்சியில் இருந்த வேளையில், அதே மென்தொடுகையால் வென்றார் ரமேஷ்.

இவ்வெற்றி ஒரு பட்டத்தைத் தரவில்லை. ஆனால், ஒரு விடையைத் தந்தது. வலிமை ஆட்சிசெய்யும் காலத்திலும் நுண்மைக்கு இடமுண்டு. ஏற்ற களமும் இடையறாத பயிற்சியும் அமைந்தால் அது வெல்லவும் கூடும் என்பதே அவ்விடை.

வாங்கியதும் வழங்கியதும்

1924ஆம் ஆண்டுக்குப் பின் ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டிருந்த டென்னிஸ், 1988ஆம் ஆண்டு பதக்க விளையாட்டாக மீண்டும் சேர்க்கப்பட்டது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கின் இரட்டையர் பிரிவில் 31 வயது ரமேஷ், 19 வயது லியாண்டர் பயஸுடன் இணைந்து ஆடினார். இருவரும் காலிறுதியை எட்டினர். அரையிறுதியில் தோற்போருக்கும் வெண்கலம் வழங்கப்பட்ட அப்போட்டியில், இன்னும் ஒரு வெற்றி கிடைத்திருந்தால் பதக்கம் உறுதியாகியிருக்கும். அது கைகூடவில்லை. நான்கு ஆண்டுகளுக்குப் பின் அட்லாண்டாவில் ஒற்றையர் வெண்கலத்தை வென்று பயஸ் அக்குறையைத் தீர்த்தார்.

பயஸும் விளையாட்டுக் குடும்பத்தில் பிறந்தவரே. அவருடைய தந்தை வேஸ் பயஸ், 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற இந்திய ஹாக்கி அணியில் ஆடியவர். தாய் ஜெனிஃபர், கூடைப்பந்தாட்டத்தில் இந்தியாவிற்காக ஆடியவர். மகன் தேர்ந்ததோ டென்னிஸ். விளையாட்டுக் குடும்பம் பிள்ளைக்கு அளிப்பது ஒரு குறிப்பிட்ட ஆட்டத்தை மட்டுமன்று. உடலைப் பேணும் ஒழுங்கையும் தோல்வியைத் தாங்கும் மனத்தையும்தான் என்பதற்குப் பயஸின் வாழ்க்கை சான்றாகும்.

1993ஆம் ஆண்டு டேவிஸ் கோப்பையில், ரமேஷும் பயஸும் இடம்பெற்ற இந்திய அணி, பிரான்சை அதன் சொந்த மண்ணில் களிமண் தளத்திலேயே 3-2 என வென்று அரையிறுதிக்குச் சென்றது. கோத்தன்பர்க்கில் எந்தத் தளம் இந்தியாவை வீழ்த்தியதோ, அதே வகைத் தளத்தில் கிடைத்த வெற்றி அது. அவ்வாண்டே ரமேஷ் தொழில்முறை ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். அர்ஜுனா விருது பெற்றிருந்த அவருக்கு 1998ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. இவ்விரு விருதுகளையும் அவருடைய தந்தையும் பெற்றவர். தந்தை பத்மபூஷண் விருதும் பெற்றவர். ஓய்வுக்குப் பின் ரமேஷ், சென்னையில் தந்தையுடன் இணைந்து பயிற்சி மையம் வழியாக இளையோருக்கு டென்னிஸ் கற்பித்தார். தாத்தா ஒரு மகனுக்குக் கற்பித்த கலை, மூன்றாம் தலைமுறையில் குடும்பத்தின் எல்லையைக் கடந்து பிறர் பிள்ளைகளுக்கும் உரியதாயிற்று.

பெற்றோர் தரக்கூடியது எது?

இவ்வரலாற்றின் வழியே, தொடக்கத்தில் எழுந்த வினாவுக்குத் திரும்புவோம். குடும்பம் பிள்ளைக்கு எவற்றைத் தருகிறது? இளமையிலேயே தொடங்கும் முறையான பயிற்சி, நல்ல வழிகாட்டுதல், பெரிய அரங்கைக் கண்டு அஞ்சாத மனம், வாய்ப்புகளை அறியும் வழி ஆகியவற்றைத் தருகிறது. இவை சிறியன அல்ல. இத்தகைய குடும்பத்தில் பிறவாத ஓர் இளைஞர் இவை ஒவ்வொன்றையும் அரிதின் முயன்று பெற வேண்டியிருக்கிறது. பள்ளிகளும் பயிற்சி மையங்களும் விளையாட்டு ஆணையங்களும் இருப்பது, குடும்பம் தர இயலாத இவற்றை எல்லாப் பிள்ளைகளுக்கும் தருவதற்காகவே.

குடும்பம் தர முடியாதவையும் உள. அதிகாலையில் எழும் உறுதியை எவரும் எவருக்கும் எழுதிவைக்க முடியாது. 2-2 எனச் சமநிலையில் இருக்கும்போது ஐந்தாவது ஆட்டத்தில் மட்டையைப் பிடிக்கும் கை, தந்தையின் கை அன்று. மாறிவிட்ட உலகில் தம் கலையை எவ்வாறு காப்பது என்பதையும் ஒவ்வொரு தலைமுறையும் தானே கண்டறிய வேண்டும்.

தரவரிசையில் 23ஆம் இடம், பெருந்தொடர்களில் மூன்று காலிறுதிகள், எட்டுப் பட்டங்கள் என்பன ரமேஷ் கிருஷ்ணனின் சாதனைகள். தந்தை எட்டிய விம்பிள்டன் அரையிறுதியை அவர் எட்டவில்லை. தந்தை எதிர்கொள்ளாத தொழில்முறை உலகின் கடும்போட்டியில் 10 ஆண்டுகளுக்கு மேல் நிலைத்து நின்றார். இருவரையும் ஒரே அளவுகோலால் அளப்பது முறையாகாது. தந்தையின் பெயர் அவரைக் களத்தின் வாயில்வரை அழைத்து வந்தது; வெள்ளைக் கோட்டைத் தாண்டி உள்ளே சென்று ஆடியவர் அவரே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் தலைமுறை தலைமுறையாக ஒரே விளையாட்டிலோ கலையிலோ தொழிலிலோ ஈடுபட்டுள்ள குடும்பத்தினரைச் சந்தித்து, பெற்றோரிடமிருந்து கற்றவை எவை, தாமே கண்டறிந்தவை எவை எனக் கேட்டறிந்து தொகுக்க.

2. ‘மரபைப் பெறுவது வாய்ப்பா, சுமையா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

3. மட்டையின் மாற்றம் டென்னிஸ் ஆட்டத்தின் போக்கை மாற்றியதைப் போல, கருவியின் மாற்றத்தால் இயல்பு மாறிய வேறொரு விளையாட்டைத் தேர்ந்து ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.

4. 1966, 1987 ஆகிய ஆண்டுகளின் டேவிஸ் கோப்பைப் பயணங்களை ஒப்பிட்டு அட்டவணைப்படுத்துக.